குறைவு நவிற்சி: ஆங்கில எழுத்தில் அடக்கிச் சொல்லும் முறை

குறைவு நவிற்சி என்பது ஒரு செய்தியை அதன் உண்மையான அளவைவிடச் சிறிய சொல்லால் கூறி, முழு அளவையும் படிப்பவரே உணரும்படி விடும் உரைமுறை ஆகும். ஆங்கிலத்தில் இது அண்டர்ஸ்டேட்மென்ட் எனப்படுகிறது. அணியிலக்கணம் படித்த மாணவர்கள் இதை உயர்வு நவிற்சியின் மறுதலையாகக் கொள்ளலாம். பெருமழையைப் பார்த்து "வானமே பிளந்துவிட்டது" என்பது உயர்வு நவிற்சி. அதே மழையில் தலைமுதல் கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து வந்தவர் "லேசாகத் தூறுகிறது" என்பது குறைவு நவிற்சி.

இந்த இரண்டாவது எடுத்துக்காட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் அவருடைய நனைந்த சட்டையைக் கண்ணால் பார்க்கிறார். அதனால்தான் "தூறுகிறது" என்ற சொல் நயமாகிறது. அதையே தொலைபேசியில் சொல்லியிருந்தால், கேட்டவர் குடை எடுக்காமல் கிளம்பியிருப்பார். உண்மை நிலை படிப்பவருக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே குறைத்துச் சொல்லும் சொல் வலிமை பெறும். தெரியாவிட்டால் அது தவறான தகவலாகிவிடும். ஆங்கிலத்தில் இந்த உத்தியைக் கையாள விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய விதி இதுவே.

பெயர்களும் வகைகளும்

ஆங்கில அணியியலில் இதற்கு இரண்டு கிரேக்கப் பெயர்கள் வழங்குகின்றன. மெயோசிஸ் என்பது குறைத்தல் என்னும் பொருள் தருவது. பெரிய ஒன்றைச் சிறிய பெயரால் சுட்டுவது இதன் இயல்பு. அட்லாண்டிக் பெருங்கடலை ஆங்கிலேயரும் அமெரிக்கரும் "தி பாண்ட்", அதாவது குளம், என்று குறிப்பிடுவது இவ்வகை.

லைடோட்டீஸ் என்பது இரண்டாவது பெயர். எளிமை என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றை நேராகச் சொல்லாமல் அதன் எதிர்ச்சொல்லை மறுத்துச் சொல்வது இது. நன்றாக இருக்கிறது என்பதற்கு "நாட் பேட்" என்பதும், அறிவுள்ளவள் என்பதற்கு "ஷீ இஸ் நோ ஃபூல்" என்பதும், அடிக்கடி நிகழ்வது என்பதற்கு "நாட் அன்காமன்" என்பதும் எடுத்துக்காட்டுகள்.

தமிழ் இலக்கணத்திலும் எதிர்மறை இரண்டு வந்தால் உடன்பாட்டுப் பொருள் தரும் என்பது தெரிந்ததே. "வராமல் இரான்" என்றால் வருவான் என்பது பொருள். ஆனால் ஆங்கிலத்தில் "நாட் அன்ஹேப்பி" என்பதும் "ஹேப்பி" என்பதும் முற்றிலும் ஒன்றல்ல. மகிழ்ச்சிக்கும் வருத்தத்துக்கும் நடுவே இரண்டும் இல்லாத நிலை ஒன்று உண்டு. "நாட் அன்ஹேப்பி" அந்த நடுநிலையையும் உள்ளடக்கியது. அவர் பெரிதும் மகிழ்ந்தாரா, வெறுமனே குறை சொல்லாமல் இருந்தாரா என்பதைச் சூழல்தான் முடிவு செய்யும்.

இவை தவிர, வாக்கியத்தின் வேகத்தைத் தணிக்கும் சிறு சொற்களும் இவ்வுத்திக்குப் பயன்படுகின்றன. "எ பிட்", "எ லிட்டில்", "ராதர்", "சம்வாட்", "ஸ்லைட்லி" ஆகியவை அவற்றுள் சில. தமிழில் "கொஞ்சம்" என்ற சொல் செய்யும் வேலையை இவை செய்கின்றன. திருட்டுப் பழக்கம் உள்ளவனை "அவனுக்குக் கொஞ்சம் கை நீளம்" என்று சொல்லும் வழக்கை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

"குவைட்" என்ற சொல்லிடம் மட்டும் கூடுதல் கவனம் தேவை. "குவைட் குட்" என்பது பிரிட்டனில் பெரும்பாலும் "ஓரளவு நன்று" என்றும், அமெரிக்காவில் "மிக நன்று" என்றும் கொள்ளப்படும். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் பொருளைக் காட்டிக் கொடுக்கும். எழுத்தில் அந்த உதவி கிடையாது.

ஒத்த உத்திகளிலிருந்து வேறுபாடு

மாணவர்கள் இவ்வுத்தியை வேறு மூன்றோடு குழப்பிக்கொள்வது உண்டு. முதலாவது ஐரனி எனப்படும் எதிர்மறைக் குறிப்பு. கொட்டும் மழையில் "என்ன அருமையான வெயில்!" என்பது ஐரனி. அது உண்மைக்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. குறைவு நவிற்சி உண்மையின் திசையிலேயே நின்று, அளவை மட்டும் குறைக்கிறது.

இரண்டாவது யூஃபமிசம். தமிழில் இடக்கரடக்கல், மங்கலம் என்று நன்னூல் வகுத்தவற்றை ஒட்டியது இது. இறந்தாரைத் "துஞ்சினார்" என்பது மங்கலம். காதுக்குக் கடுமையானதை மறைத்துச் சொல்வது இதன் நோக்கம். குறைவு நவிற்சியோ மறைப்பதற்காக அன்று, உணர்த்துவதற்காகவே குறைக்கிறது.

மூன்றாவது ஹெட்ஜிங் என்னும் தயக்க நடை. ஆய்வுக் கட்டுரையில் "இருக்கக்கூடும்", "எனத் தோன்றுகிறது" என்று எழுதுவது எழுதுபவருக்கு உறுதி இல்லாததைக் காட்டும். குறைவு நவிற்சியில் எழுதுபவருக்கு ஐயம் ஏதும் இல்லை.

செயல்படும் விதம்

மொழியியல் தத்துவவாதி பால் கிரைஸ், 1975இல் வெளியான "லாஜிக் அண்டு கான்வர்சேஷன்" என்ற கட்டுரையில், சொல்லப்பட்டதற்கும் உணர்த்தப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். அறையில் உள்ள மேசை நாற்காலிகளை எல்லாம் உடைத்தவன் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவனைப் பற்றி, அவன் சற்றே குடித்திருந்தான் என்று கூறுவதை மெயோசிஸுக்கு எடுத்துக்காட்டாக அவர் தந்தார். இங்கே "எல்லோருக்கும் தெரிந்த" என்பதுதான் உயிர்நாடி. உடைந்த நாற்காலிகள் கேட்பவர் மனத்தில் இருக்கின்றன. சொல்லுக்கும் நாற்காலிக்கும் உள்ள இடைவெளியை அவரே நிரப்பிக்கொள்கிறார்.

பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய இருவரும் மரியாதை மொழி பற்றி எழுதிய ஆய்வில், குறைத்துச் சொல்வதை மறைமுகமாகப் பேசும் வழிகளுள் ஒன்றாக வகைப்படுத்தினர். அவ்வாய்வுக்கு ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால் மொழி ஆகியவற்றோடு தமிழ்நாட்டில் திரட்டிய பேச்சுத் தமிழும் தரவாக அமைந்தது. அடக்கிச் சொல்லுதல் ஆங்கிலேயருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் சரியன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று. எனினும் அதை எழுத்து நடையின் ஒரு பண்பாகவே வளர்த்துக்கொண்டது ஆங்கில மரபு எனலாம்.

ஆங்கில எழுத்து மரபில்

இந்த மரபு மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் இயற்றப்பட்ட "பேவுல்ஃப்" காப்பியத்தில் லைடோட்டீஸ் மிகுதியாகக் காணப்படுகிறது. தோற்றவனுக்குக் கொண்டாடக் காரணம் இல்லை என்பது போன்ற பாங்கில் பெருந்தோல்விகள் அதில் சொல்லப்படுகின்றன.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் வெளியிட்ட "எ மாடஸ்ட் புரோபோசல்" என்ற அங்கத நூலின் தலைப்பே ஒரு குறைவு நவிற்சி. ஓர் அடக்கமான யோசனை என்பது அதன் பொருள். அயர்லாந்தின் ஏழைகள் தம் குழந்தைகளைச் செல்வர்களுக்கு உணவாக விற்கலாம் என்பதே உள்ளே இருக்கும் யோசனை. ஸ்விஃப்ட் எங்கும் குரலை உயர்த்தவில்லை. விலை, எடை, இலாபம் என்று கணக்கராகவே பேசுகிறார். கொடுமையை உணர்ந்து அதிர்ச்சி அடையும் வேலை படிப்பவரிடம் விடப்படுகிறது.

அறிவியலில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1953 ஏப்ரல் 25 நாளிட்ட "நேச்சர்" இதழில் உள்ளது. ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை அதில் ஒரு சிறு கட்டுரையாக வெளியிட்டனர். மரபுப் பொருள் தன்னைத்தானே எவ்வாறு படியெடுத்துக்கொள்கிறது என்ற பெருங்கேள்விக்கு அந்த அமைப்பிலேயே விடை இருந்தது. கட்டுரையின் இறுதிப் பகுதியில், அப்படி ஒரு வழி இருக்கக்கூடும் என்பது தங்கள் கவனத்திலிருந்து தப்பிவிடவில்லை என்று ஒரே வாக்கியத்தில் அவர்கள் குறிப்பிட்டனர். அமைப்பை விளக்கிய பிறகே அந்த வாக்கியம் வருவதால், உயிரியல் அறிந்த எவருக்கும் அதன் அளவு விளங்கியது.

ஒரே விமானம், இரண்டு நடைகள்

1982 ஜூன் 24 அன்று இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம் ஜாவாத் தீவின் தெற்கே பறந்துகொண்டிருந்தது. கலுங்குங் எரிமலை உமிழ்ந்த சாம்பல் மேகத்துக்குள் அது தெரியாமல் புகுந்ததால் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. விமானத் தலைவர் எரிக் மூடி பயணிகளுக்கு அறிவிப்புச் செய்தார். ஒரு சிறு பிரச்சினை இருக்கிறது, நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன, அவற்றை மீண்டும் இயக்க எங்களால் ஆனதை எல்லாம் செய்துகொண்டிருக்கிறோம், நீங்கள் மிகவும் கலங்கவில்லை என்று நம்புகிறேன் என்பது அதன் சாரம். பின்னர் விமானம் சாம்பலிலிருந்து வெளியே வந்ததும் இயந்திரங்கள் மீண்டும் இயங்கின. ஜகார்த்தாவில் விமானம் தரையிறங்கியது. அனைவரும் உயிர் தப்பினர்.

"சிறு பிரச்சினை" என்ற சொல்லுக்காகவே இவ்வறிவிப்பு எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அடுத்த வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன என்ற உண்மையை அவர் சற்றும் குறைக்கவில்லை. அதைப் பற்றிய தம் கருத்தை மட்டுமே குறைத்தார். பயணிகளுக்கு உண்மையும் கிடைத்தது, பேசுபவர் பதற்றமின்றி இருக்கிறார் என்ற தைரியமும் கிடைத்தது.

அதே விமானி அறையிலிருந்து தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சென்ற செய்தியில் இந்த நயம் எதுவும் இல்லை. அங்கே "மேடே" என்ற பன்னாட்டு அபாயச் சொல்லோடு நான்கு இயந்திரங்களையும் இழந்துவிட்டோம் என்று நேராகச் சொல்லப்பட்டது. அப்படியும் அந்தச் செய்தி முதலில் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை, நான்காவது இயந்திரம் மட்டும் நின்றதாகவே கொள்ளப்பட்டது. உதவி செய்ய வேண்டியவரிடம் நேரடிச் சொல்லே இத்தனை பாடுபடும்போது, குறைத்துச் சொல்ல அங்கே இடமே இல்லை.

உத்தி தவறிய இடங்கள்

கொரியப் போரில், 1951 ஏப்ரல் 22 முதல் 25 வரை இம்ஜின் ஆற்றங்கரையில் நடந்த சண்டை இதற்கு மறுபக்கம். பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவு பெரும் சீனப் படையால் சூழப்பட்டது. அப்பகுதியின் பிரிட்டிஷ் தளபதி பிரிகேடியர் தாமஸ் பிராடி, தம் மேலதிகாரியான அமெரிக்கத் தளபதி ராபர்ட் சூலிடம் நிலைமையைத் தெரிவிக்கும்போது "எ பிட் ஸ்டிக்கி" என்ற தொடரைப் பயன்படுத்தியதாகப் பரவலாகக் கூறப்படுகிறது. கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது என்பது அதன் நேர்ப்பொருள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் காதில் அது "நிலைமை மிக மோசம்" என்று ஒலித்திருக்கும். அமெரிக்கருக்கோ சமாளிக்கக்கூடிய சிறு சிக்கல் என்றே பட்டது. அப்படைப்பிரிவினருள் மிகச் சிலரே தப்பினர். பெரும்பாலோர் சிறைப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். அந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் இருந்தன. அந்த ஒரு சொல்லின் மேல் முழுப் பழியையும் ஏற்ற முடியாது. ஆனாலும் சூழ்ந்திருக்கும் படையின் அளவு தெரியாத ஒருவரிடம் "கொஞ்சம்" என்ற சொல் என்ன செய்யும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த அவியாங்கா 52 விமானத்திலும் இதை ஒத்த ஒன்று நடந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்த நிலையில் விமானிகள் முன்னுரிமை கேட்டனரே தவிர, அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. 73 பேர் இறந்தனர். இது நயத்துக்காகச் செய்யப்பட்ட குறைவு நவிற்சி அன்று. எனினும் தேவைப்பட்ட சொல்லைவிடச் சிறிய சொல் போய்ச் சேர்ந்ததன் விளைவு ஒன்றுதான்.

எழுதும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து எழுதுவோருக்குக் கிடைக்கும் வழி எளியது: உண்மையை முழுமையாகக் கொடு, கருத்தை அடக்கிச் சொல். வெள்ளத்தால் ஒரு பள்ளியில் தேர்வு தள்ளிவைக்கப்பட்டதை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதல் விதம்: "கற்பனைக்கும் எட்டாத மிக மிகப் பயங்கரமான வெள்ளம் பள்ளியைச் சூறையாடியது." இதில் உரத்த சொற்கள் உண்டு, ஆனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு தண்ணீர் வந்தது என்பது படிப்பவருக்கு இன்னும் தெரியாது.

இரண்டாம் விதம்: "பள்ளியில் சிறிது தண்ணீர் வந்ததால் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது." இதைக் குறைவு நவிற்சி என்று எண்ணி மாணவர்கள் எழுதுவதுண்டு. உண்மை நிலை எங்கும் தரப்படாததால் இது வெறும் தவறான செய்தி.

மூன்றாம் விதம்: "தண்ணீர் கரும்பலகையின் பாதிவரை ஏறியிருந்தது. பெஞ்சுகள் மிதந்து வாசலில் அடைத்துக்கொண்டன. தலைமையாசிரியர் அறையில் ஒரு தண்ணீர்ப் பாம்பு இருந்தது. தேர்வு நடத்துவதற்கு அது அவ்வளவு ஏற்ற நாளாக இல்லை." கடைசி வாக்கியம் ஆங்கிலத்தில் "நாட் ஐடியல்" என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடும். அதற்கு முன்னுள்ள மூன்று வாக்கியங்கள் இல்லாவிட்டால் அந்த இரண்டு சொற்களுக்கு எந்த வலிமையும் இல்லை.

வரிசையும் முக்கியம். பெரும்பாலும் விவரங்கள் முன்னும், அடக்கமான வாக்கியம் பின்னும் வருவது நல்லது. அந்த வாக்கியம் குறுகியதாக இருக்க வேண்டும். அதன் பின் விளக்கம் சேர்க்கக் கூடாது, வியப்புக்குறி இடக் கூடாது. நகைச்சுவையை எழுதிவிட்டு "இது நகைச்சுவை" என்று சொல்வதற்கு அது ஒப்பாகும்.

முறையீட்டுக் கடிதங்களில் இந்நடை நன்கு பயன்படும். "உங்கள் சேவை கேவலமானது" என்று தொடங்கும் கடிதம் எதிர்த்தரப்பைச் சண்டைக்கு இழுக்கும். அதற்குப் பதிலாக, "நான் வாங்கிய காலணிகள் இரண்டுமே இடது காலுக்கு உரியவை. இதை இரண்டு முறை எழுதித் தெரிவித்தேன். மூன்றாவதாக வந்த பெட்டியில் மேலும் ஓர் இடது கால் காலணி இருந்தது. இது எனக்குச் சற்று வசதிக்குறைவாக உள்ளது" என்று எழுதினால், படிப்பவர் மறுக்க எதுவும் இல்லை.

வேலை விண்ணப்பங்களிலும் "வெரி ஹார்ட்வொர்க்கிங்", "எக்ஸ்ட்ரீம்லி டெடிகேட்டட்" போன்ற தொடர்களை எடுத்துவிட்டு, செய்ததை எண்ணோடும் நாளோடும் எழுதுவது சிறந்தது. ஆனால் அங்கே திறமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பதாரரை முன்பின் அறியாதவர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

இழப்பு யாருடையது

விதி சரியாகப் பின்பற்றப்பட்டாலும் இவ்வுத்தி தவறாகும் ஓர் இடம் உண்டு. எரிக் மூடி குறைத்துச் சொன்னது அவரும் பங்குகொண்ட ஆபத்தை. தன் காயத்தைத் தானே "கீறல்" என்பவரிடம் ஒரு மிடுக்கு தெரியும். பிறர் காயத்தைக் கீறல் என்பவரிடம் அது தெரியாது. இழப்புக்குக் காரணமான நிறுவனம் இழந்தவரிடம் "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதும்போது, உயிரிழப்பும் சிரமம் ஆகிவிடுகிறது. எனவே மன்னிப்புக் கடிதத்திலும் இரங்கல் கடிதத்திலும் பிறரைப் பற்றிய துயரச் செய்தியிலும் நிகழ்ந்ததை அதன் சரியான பெயரால் குறிப்பிட வேண்டும்.

மருந்துக் குறிப்பு, பாதுகாப்பு எச்சரிக்கை, செயல்முறை விளக்கம், ஒப்பந்தம், காவல் நிலையத்தில் தரும் புகார், மருத்துவரிடம் சொல்லும் நோய்க்குறி ஆகியவற்றிலும் இவ்வுத்திக்கு இடமில்லை. மார்பு வலியோடு வந்தவர் மருத்துவரிடம் "கொஞ்சம் அசதி" என்று அடக்கமாகச் சொன்னால் மருத்துவம் தாமதப்படும்.

அளவு மிஞ்சினால்

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய "பாலிட்டிக்ஸ் அண்டு தி இங்கிலீஷ் லாங்குவேஜ்" என்ற கட்டுரையில், "நாட் அன்" என்று தொடங்கும் இரட்டை எதிர்மறைகளைக் கேலி செய்தார். எல்லா இடத்திலும் அவற்றைத் தூவுவது வெற்றுக் கருத்துக்கு ஆழமான தோற்றம் தரும் தந்திரம் என்பது அவர் குறை. அந்தக் குறை நியாயமானது. ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் இவ்வுத்தி வந்துவிட்டால், எழுதுபவர் எதையும் நேராகச் சொல்ல மாட்டார் என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள வாசகருக்கு அடுக்கடுக்கான எதிர்மறைகள் பொருள் மயக்கத்தையும் உண்டாக்கும்.

தேர்வில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு ஒரு கட்டுரைக்கு ஓரிடம் போதும். எழுதி முடித்தபின் அந்த அடக்கமான வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பார்க்கலாம். நடந்தது எவ்வளவு பெரியது என்பது மீதியிலிருந்தே விளங்கினால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம். விளங்காவிட்டால் முதலில் விவரங்களைச் சேர்க்க வேண்டும். சேர்க்க விவரம் இல்லை என்றால், உள்ளதை நேராக எழுதிவிடுவதே முறை.